அனுப்புகிற பாட்டு

எனக்கு எழுத வராது. பாகலூர்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் போனவள். அதிலும் பாதி நாள் ராகிக் கொல்லையில் களை பிடுங்கினேன். வரிசையாகச் சொல்லத் தெரியாது. முன்னால் நடந்தது பின்னால் வந்துவிடும். பல பேர்களும் வருஷங்களும் மறந்தே போய்விட்டன. எங்கள் வீட்டுக்காரர் நினைவாக ஒரு மலர் போடுகிறோம், நீங்களும் ஏதாவது எழுதித் தாருங்கள் அம்மா என்று வந்து கேட்ட பிள்ளைகளிடம் முடியாது என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டேன். அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி இது இருக்காது என்று நினைக்கிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவருடைய விரல்களைத்தான் நான் முதலில் பார்த்தேன். முகத்தை நிமிர்ந்து பார்க்கிற தைரியம் வருவதற்கு ரொம்ப நாள் ஆயிற்று. களி உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டுக் குழம்பு எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் தட்டின் விளிம்பில் தாளம் ஓடிக்கொண்டிருக்கும். மாமியார் அடுப்படியிலிருந்தே கத்துவார். "சோத்துத் தட்டுல கொட்டாதடா, வூட்டுக்கு ஆகாது!" அவர் உடனே நிறுத்த மாட்டார். வேகமாகப் போய்க்கொண்டிருந்ததை மெல்ல இறக்கி, இன்னும் இறக்கி, கடைசியில் தனித்தனியாக மூன்று தட்டு தட்டிவிட்டுத்தான் கையை எடுப்பார். அம்மா அப்படித் திட்டும்போது சட்டென்று நிறுத்தினால் என்ன என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "கூப்பிட்டா அனுப்பணும்மே. வந்தவளை வாசல்ல நிக்க வெச்சுட்டு நாம உள்ள உக்காந்து துன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். யாரைச் சொல்கிறார் என்று அப்போது விளங்கவில்லை. வேறு யாரோ பெண்பிள்ளையைச் சொல்கிறாரோ என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மாமியார்தான் சிரித்துக்கொண்டே சொன்னார், அவன் சொல்கிறது நம் ஊர் அம்மன் கங்கம்மாவை என்று.

எங்கள் வீட்டுக்காரர் பம்பை அடிப்பவர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பம்பை என்பது ஒன்றோடு ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய இரட்டைக் கொட்டு. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியால் அடிப்பார்கள். எங்கள் பக்கம் அம்மன் திருவிழா என்றால் ஏரிக்கரையில் கரகம் சோடிப்பார்கள். தண்ணீர் நிறைத்த குடத்தை வேப்பிலையும் பூவும் வைத்து அலங்கரித்து, அதற்கு முன்னால் பம்பைக்காரர் நின்று அம்மனை வர்ணித்துப் பாடுவார். பாடப் பாட, கரகம் எடுக்கிற பூசாரி மேல் அம்மன் வரவேண்டும். வந்த பிறகுதான் கரகம் தரையை விட்டு எழும்பும். வராமல் யாரும் அதைத் தொட மாட்டார்கள். ஊர் சுற்றி முடித்ததும், அழைத்த அதே ஆள், அதே பம்பையால், அனுப்புகிற பாட்டைப் பாடி அவளை மலையேற்ற வேண்டும். மஞ்சள் தண்ணீர், எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் தயாராக இருக்கும். ஒருவர் அழைத்து இன்னொருவர் அனுப்புவது கிடையாது. அழைத்த குரலுக்குத்தான் அவள் கட்டுப்படுவாள் என்பார்கள். அனுப்பாமல் விட்டால் யார் மேல் வந்தாளோ அந்த உடம்பு தாங்காது.

அவருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்து ஊரில் ஒரு பம்பைக் கூட்டம் இருந்தது. அவர்கள் பரம்பரையாக அடிக்கிறவர்கள், இவரைக் கிட்டத்தில் சேர்க்கவில்லை. கல் குவாரியில் லோடு ஏற்றுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டார்களாம். இவர் திருவிழாக்களில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேட்பார். கேட்டதைக் குவாரியில் கல் மேல் தட்டிப் பார்ப்பார், மண்ணெண்ணெய் டின்னில் தட்டிப் பார்ப்பார், வீட்டில் தட்டில் தட்டிப் பார்ப்பார். சொந்தமாகப் பம்பை செய்ய வெண்கலத்துக்கு வழியில்லை. என் அம்மா வீட்டுச் சீராக வந்த பித்தளைத் தவலையைக் கேட்டார். கொடுத்தேன். அதை ஓசூரில் ஒருவரிடம் கொண்டுபோய் அறுத்து வளைத்துக் கொண்டுவந்தார். அதனால் அவர் பம்பையின் சத்தம் மற்றதைப் போலக் கணீரென்று இருக்காது, கொஞ்சம் கரகரப்பாக, தொண்டை கட்டின ஆள் பேசுகிற மாதிரி இருக்கும். பின்னாளில் கல்லூரிக்காரர்கள் அந்தச் சத்தத்தைத்தான் அபூர்வம், அபூர்வம் என்று புகழ்ந்தார்கள். இவர் என் பக்கம் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

ஊர் அவரை ஏற்றுக்கொண்டதும் தற்செயல்தான். ஒரு திருவிழாவில் அந்தப் பரம்பரைக் கூட்டம் வேறு ஊருக்கு ஒத்துக்கொண்டு இங்கே வராமல் போய்விட்டது. கரகம் சோடித்தபடி ஏரிக்கரையில் காத்திருக்கிறது, வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, பூ வாடுகிறது, பெண்கள் முணுமுணுக்கிறார்கள். இவர் வீட்டுக்கு ஓடி வந்து பம்பையைத் தூக்கிக்கொண்டு போனார். என் தம்பி உடுக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். தம்பி தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளோடு வளர்ந்தவன், அக்கா புருஷனைப் 'பாவா' என்றுதான் கூப்பிடுவான். "பாவா, வரலைன்னா நம்மள ஏரியில தள்ளிடுவாங்க, நீச்சல் தெரியுமா?" என்று போகிற வழியெல்லாம் பயமுறுத்தினானாம். இவர் முதலில் தமிழில் பாடினார். பிறகு தெலுங்கில் பாடினார். அதற்கும் பிறகு கன்னடத்தில் நாலு அடி போட்டார். பூசாரியின் தோள் அப்போதுதான் குலுங்கியது. கூட்டம் 'கங்கம்மா' என்று கூவியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் ஊருக்கு அவர்தான். அதன் பிறகு கம்பெனிகள் வந்து, மதுரைப் பக்கம், திருநெல்வேலிப் பக்கம் எல்லாம் ஆட்கள் வந்து லைன் வீடுகளில் குடியேறி, அவர்களும் அங்கங்கே சின்னச் சின்ன அம்மன் கோயில் கட்டிக் கும்பிட ஆரம்பித்தபோது அதற்கும் இவரைத்தான் கூப்பிட்டார்கள். எந்த ஊர் பேச்சுப் பேசுகிறவர்களாக இருந்தாலும் இவர் அடித்தால் அவள் வந்தாள். வந்தவளை ஒரு தடவைகூட இவர் அனுப்பாமல் வந்ததில்லை. மழையில் நனைந்துகொண்டு அனுப்பியிருக்கிறார். காய்ச்சலோடு போய், நிற்க முடியாமல் உட்கார்ந்துகொண்டும் அனுப்பியிருக்கிறார்.

இப்படியே அறுபதைத் தாண்டிவிட்டார். குவாரி வேலையை விட்டு ஒரு ரோஜாத் தோட்டத்தில் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். ரெண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷம் இருக்கும், கல்லூரியிலிருந்து ஒரு சார் வந்தார். எங்கேயோ லைன் வீட்டுத் திருவிழாவில் இவரைக் கேட்டிருக்கிறார். டேப்பில் பதிவு செய்தார், கேள்வி கேட்டார். குரு யார் என்று கேட்டதற்கு இவர் "தட்டு" என்று சொன்னார். அவர் அது ஏதோ ஆள் பேர் என்று நினைத்து எழுதிக்கொண்டார். அவர் சொல்லித்தான் பெங்களூரில் நடக்கிற கலைவிழாவுக்கு இவரைக் கூப்பிட்டார்கள். மூன்று பாஷைக்காரர்களும் கலந்துகொள்கிற விழா. மேடையில் வாசித்தால் பட்டமும் பொன்னாடையும் தருவார்கள் என்றார்கள். எங்கள் மகன் அப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டில் வேலை செய்துகொண்டிருந்தான். அப்பாவின் தொழிலைப் பற்றி அதுவரை கம்பெனியில் வாயைத் திறக்காதவன் அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறினதிலிருந்து இறங்குகிற வரைக்கும் அதையே பேசினானாம்.

ஒரே ஒரு சங்கடம். பத்து நிமிஷம்தான் தருவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏரிக்கரையில் அரை நாள் அடிக்கிறவருக்குப் பத்து நிமிஷம் என்றால் தொண்டையைச் செருமுகிற நேரம். வீட்டு முற்றத்தில் மகன் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான், இவரும் தம்பியும் வாசிப்பார்கள், "அப்பா, ஆயிடுச்சு" என்பான். ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். பிள்ளையார் வணக்கத்தைக் குறைத்தார்கள், ஊர் பேர் சொல்வதைக் குறைத்தார்கள், அம்மன் நடந்து வருகிற வர்ணனையில் பாதியை எடுத்தார்கள். அப்படியும் அடங்கவில்லை. வேகம் ஏறுகிற இடத்தை விட மனசு வரவில்லை, அங்கேதான் அவருடைய கை வித்தையெல்லாம் இருந்தது. கடைசியில் எடுத்தது அனுப்புகிற பாட்டை.

தம்பிதான் கேட்டான். "பாவா, அப்ப அனுப்புறது?"

"யாரைடா அனுப்பறது? கரகம் இல்ல, வேப்பில இல்ல. சேர்ல காலு மேல காலு போட்டுக்குனு உக்காந்திருக்கறவங்க மேல எங்கிருந்து வரப்போறா? அங்க ஏசி வேற. அவளுக்குக் குளிர் எடுத்துக்கும்."

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மகன் ரொம்பச் சிரித்தான். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் திமிர் கிடையாது. அது வெறும் மேடை, வேடிக்கை காட்டுகிற இடம் என்று அவர் நம்பினார். அவ்வளவுதான். தன் கையைப் பற்றி அவருக்கே தெரிந்தது குறைவு.

விழா மண்டபம் பெரிது. ஜில்லென்று இருந்தது. நானும் மருமகளும் மூன்றாவது வரிசையிலோ நாலாவது வரிசையிலோ உட்கார்ந்திருந்தோம். பொறுப்பாக இருந்த ஒரு பெண், சின்ன வயசு, ரொம்ப மரியாதையான பெண், இவரை 'அஜ்ஜா, அஜ்ஜா' என்று கூப்பிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மணி அடித்தால் முடித்துவிடுங்கள் என்று கையைக் கூப்பிக் கேட்டுக்கொண்டது. கன்னடத்தில் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். திரை விலகியது. புதுச் சட்டை, இடுப்பில் பம்பை, பக்கத்தில் தம்பி. அவர் அன்றைக்கு அடித்த மாதிரி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எத்தனை வருஷம் காத்திருந்த கை. மூன்று பாஷையிலும் அழைத்தார். மைக் வைத்திருந்ததால் அந்தக் கரகரப்புச் சத்தம் சுவரிலெல்லாம் மோதித் திரும்பி வந்தது. எனக்கே உடம்பு சிலிர்த்து மருமகள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் வலது பக்க வரிசையில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். நாற்பது வயசுக்குள் இருக்கும். அரக்குக் கலர் சேலை. மடியில் ஒரு பை. அவள் தலை முதலில் லேசாக ஆடியது. தாளத்துக்கு ஆட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த அடி ஏறினதும் பை கீழே விழுந்தது. முடி அவிழ்ந்தது. எழுந்து நின்று, பல்லைக் கடித்து, ஒரு கூவல் கூவினாள். ஏரிக்கரையில் கேட்கிற அதே கூவல். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு விலகினார்கள். மற்ற எல்லாரும் இது நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். இவர்களே ஆள் உட்காரவைத்து எழுப்புகிறார்கள் என்று எனக்குப் பின்னால் ஒருவர் தமிழில் சொன்னார். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்.

அவர் பார்த்துவிட்டார். மேடை மேல் அவர் முகம் மாறினது எனக்குத் தெரிந்தது. அதே நேரம் மணி அடித்தது. அவர் நிறுத்தவில்லை. தாளத்தை இறக்க ஆரம்பித்தார். அனுப்புகிற பாட்டை எடுத்தார். 'வந்த வழி பார்த்து, வாசப்படி தாண்டி' என்று முதல் அடி வாய்க்கு வந்ததும் மைக் நின்றுபோனது. வாய் அசைகிறது, சத்தம் எங்களுக்கு எட்டவில்லை. விழாப் பொறுப்பில் இருந்த பெண் ஓடி வந்து, சிரித்துக்கொண்டே, அஜ்ஜா போதும், ரொம்ப நன்றாக இருந்தது என்று அவர் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனது. அதன் மேலும் குற்றம் சொல்ல மாட்டேன். அடுத்து ஆட வேண்டியவர்கள் பெரிய பெரிய மேளங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு திபுதிபுவென்று உள்ளே நுழைந்து அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். தாளம் இறங்க வேண்டிய நேரத்தில் அந்த மேளச் சத்தம். அரக்குச் சேலைக்காரி அதற்கு இன்னும் வேகமாகச் சுற்றினாள். இரண்டு ஆட்கள் வந்து அவளைக் கைத்தாங்கலாகப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். தம்பி உடுக்கையோடு வெளியே ஓடினான். அவன் போவதற்குள் வாசலில் அவளைக் காணோம். வலிப்பு வந்துவிட்டது, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள் என்றார் ஒருவர். அவளோடு வந்த ஆள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றார் இன்னொருவர். அவளாகவே நடந்து ரோட்டைத் தாண்டிப் போனாள் என்று பூ விற்கிற அம்மா சொன்னாள்.

உள்ளே இவரை வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். பொன்னாடை போடுகிற வரைக்கும் நகரக் கூடாது. அவர் பெயருக்கு முன்னால் ஒரு பெரிய பட்டத்தைச் சேர்த்து மைக்கில் கூப்பிட்டார்கள். அன்றைக்கு எடுத்த போட்டோவைத்தான் எல்லாப் பேப்பரிலும் போட்டார்கள், இந்த மலரிலும் போடப் போகிறார்கள் என்று தெரிகிறது. அதில் அவர் கேமராவைப் பார்க்காமல் ஓரமாகப் பார்ப்பார். எவ்வளவு அடக்கமான மனுஷர், கூச்சப்படுகிறார் பாருங்கள் என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். அவர் பார்ப்பது அந்தப் பக்கத்துக் கதவை.

வீட்டுக்கு வந்தால் கூட்டம். ஊரே வந்து பொன்னாடையைத் தொட்டுப் பார்த்தது. மகன் விழாவின் சிடியை வாங்கி வந்து டிவியில் போட்டான். அந்தப் பெண் வருகிற இடம் வந்ததும் எல்லாரும், பாரு பாரு, பெங்களூர்க்காரி மேலயே வரவெச்சுட்டாரு நம்ம ஆளு என்று பெருமைப்பட்டார்கள். சிடியில் அவள் முதுகும் அவிழ்ந்த முடியும்தான் தெரியும். முகம் திரும்புகிற நேரத்துக்குக் கேமரா மேடைக்குப் போய்விடும். எல்லாரும் போன பிறகு இவர் மகனிடம் அந்த இடத்தை மறுபடி போடச் சொல்வார். மறுபடி. மறுபடி. "அப்பா, விடுப்பா, அவங்க எப்பவோ வூட்டுக்குப் போயிருப்பாங்க. எங்க மேனேஜரே உன்ன வாழ்த்தினார்ப்பா" என்பான் மகன். "போனது அவ உடம்புடா" என்பார் இவர்.

அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் பெங்களூர் பஸ் ஏற ஆரம்பித்தோம். கம்பெனிக்குப் போகிற பிள்ளைகளுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு, மடியில் பம்பை, என் பையில் எலுமிச்சம்பழமும் மஞ்சளும் கற்பூரமும். மண்டபத்து வாட்ச்மேனிடம் கேட்டோம். பூக்காரியிடம் கேட்டோம். ஆட்டோ நிற்கிற இடத்தில் கேட்டோம். பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் பேர் கேட்டார்கள், எங்களுக்குப் பேர் தெரியாது. விழாப் பொறுப்பில் இருந்த அந்தப் பெண்ணும் பாவம், எங்களுக்காக நாலு இடத்தில் போன் செய்து பார்த்தது. "அஜ்ஜா, அவங்க நல்லாத்தான் இருப்பாங்க, கவலைப்படாதீங்க" என்றது. எல்லாருமே அதைத்தான் சொன்னார்கள். நல்லாத்தான் இருப்பாங்க. அவளைப் பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு தடவை மண்டபத்துக் கேட்டுக்கு வெளியே, பட்டப்பகலில், பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டோரத்தில் கற்பூரம் ஏற்றி அனுப்புகிற பாட்டை முழுக்கப் பாடினார். வாட்ச்மேன் விழுப்புரம் பக்கத்து ஆள். முதலில் விரட்ட வந்தவன், அவர் கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்து விலகி நின்றுகொண்டான். முடித்த பிறகு இவர் காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அம்மன் போகிறபோது ஏதோ ஒன்று அவருக்குத் தெரியும் போலிருக்கிறது, கை கனம் குறையும் என்று முன்பு சொல்லியிருக்கிறார். "இல்லமே" என்று சொல்லிவிட்டுப் பம்பையை அவிழ்த்தார்.

அந்த வருஷத் திருவிழா வந்தது. ஏரிக்கரையில் கரகம் சோடித்தாயிற்று. பட்டம் வாங்கின ஆள் அடிக்கிறார் என்று வழக்கத்தை விடக் கூட்டம். ஓசூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டுகூட வந்திருந்தார்கள். காலையில் ஆரம்பித்தார். வெயில் ஏறியது. மூன்று பாஷையும் தீர்ந்தது. பூசாரி கண்ணை மூடி நிற்கிறார், ஒரு மயிர்க்கால் அசையவில்லை. முதலில் கூட்டம் பொறுமையாக இருந்தது. பிறகு சிரிப்புக் கேட்டது. "கங்கம்மா பெங்களூர்ல வூடு கட்ட சைட்டு வாங்கிட்டாளாம்டா, இனிமே இங்க வர்றதுக்கு அவளுக்கு இன்னா வேலை" என்று ஒருவன் சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஊர்ப் பெரியவர் இவர் காதருகில் வந்து, "மாமா, போதும் உட்காருங்க, கை வலிக்கும்" என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். பாரூர்ப் பக்கத்திலிருந்து வேறொரு பம்பைக் கூட்டத்தை வண்டி வைத்து வரவழைத்தார்கள். அவர்கள் வந்து நின்று, வியர்வையைத் துடைத்துவிட்டு அடிக்க ஆரம்பித்ததும் பூசாரியின் தோள் குலுங்கிவிட்டது.

அவள் பெங்களூரில் இல்லை. இங்கேதான் இருந்தாள். இவர் கூப்பிட்டதற்குத்தான் வரவில்லை.

கரகம் ஊர் சுற்றி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது அவர் கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் போய் நின்றார். "தாயே, அந்தப் பொம்பளை என்ன ஆனா? அத மட்டும் சொல்லிடு" என்று கேட்டார். எல்லார் நெற்றியிலும் திருநீறு வைத்துக்கொண்டு வந்த பூசாரியின் கை அவருக்கு முன்னால் வந்ததும் ஒரு நொடி நின்றது. பிறகு எனக்கு வைத்தது, மருமகளுக்கு வைத்தது, போய்விட்டது. அவர் அங்கேயே நின்றார். யாரும் அவரைப் பார்க்காத மாதிரி நடந்து போனார்கள். அந்தத் திருவிழாவில்தான் அவர் எங்கள் ஊரில் கடைசியாகப் பம்பையோடு நின்றார். அதற்குப் பிறகு எங்கள் ஊரோ, லைன் வீட்டுக்காரர்களோ யாரும் கூப்பிடவில்லை.

ஆனால் வெளியூரில் அவருக்குப் பேர் ஏறிக்கொண்டே போனது. சேலத்தில் கூப்பிட்டார்கள், சென்னையில் கூப்பிட்டார்கள், கல்லூரிகளில் கூப்பிட்டார்கள். பட்டங்கள் சேர்ந்தன, சுவரில் மாட்ட இடம் போதவில்லை. எல்லாவற்றுக்கும் போனார். பணத்துக்கும் பேருக்கும் ஆசைப்பட்டுப் போகிறார், சாமியே கைவிட்ட ஆளுக்கு மேடை ஒரு கேடா என்று ஊரில் பேசினார்கள். போனது எதற்கு என்று எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். எந்த மேடையில் ஏறினாலும் அவர் அதற்குப் பிறகு அம்மனை அழைக்கவே இல்லை. ஏறினதும் அனுப்புகிற பாட்டைத்தான் எடுப்பார். கொடுத்த நேரம் முழுக்க அதையே பாடுவார். பாடிக்கொண்டே ஒவ்வொரு வரிசையாகக் கண்ணை ஓட்டுவார். அரக்குச் சேலைக்காரி எங்கேயாவது உட்கார்ந்திருக்கலாம். இவர் பேரைப் பேப்பரில் பார்த்துவிட்டு அவளோ அவள் வீட்டு ஆளோ வந்திருக்கலாம். அந்த மேடையில் அழைக்காதவளை அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது. என்ன உருக்கம், என்ன உருக்கம் என்று கைதட்டினார்கள். தம்பி ஒரு தடவை பொறுக்க முடியாமல், "பாவா, எத்தன தடவதான் வழியனுப்புவ? டாட்டா காட்டிக் காட்டி எனக்கே கை வலிக்குது" என்று சிரிக்கவைக்கப் பார்த்தான். அவர் சிரிக்கவில்லை. அவனும் அதற்குப் பிறகு அப்படிப் பேசவில்லை. ஒரு நாள் உடுக்கையை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு, முட்டி வலி அக்கா, இனிமேல் வர முடியாது என்றான். இவர் தனியாகப் போனார்.

வீட்டில் தட்டில் தாளம் போடுவது நின்றுபோயிருந்தது. களியைப் பேசாமல் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவார். என் மாமியார் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். எனக்கு அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை. ஒரு தடவை நானே விரலால் தட்டின் விளிம்பைத் தட்டிப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துத் தட்டிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். கோபமாக இல்லை. குழந்தை கையிலிருந்து அரிவாளை வாங்குகிற மாதிரி.

கடைசியில் மூச்சுத் திணறல் வந்து கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு மகன் கூடவே இருந்தான். பார்க்க வந்த பெரிய மனுஷர்கள் எல்லாரும் அந்தப் பெங்களூர் விழாவைப் பற்றியே பேசினார்கள். ஒருவர், அன்றைக்கு மண்டபத்தையே ஆடவைத்தீர்களே ஐயா என்றார். இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "அவ நல்லா இருப்பாளா, மே?" என்று கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. இருப்பா என்று சொன்னேனோ, பேசாமல் இருந்தேனோ. அதற்குப் பிறகு இரண்டு நாளோ மூன்று நாளோ இருந்தார்.

மலர் போடுகிற பிள்ளைகள் இதையெல்லாம் சரிபார்த்துப் போட வேண்டும். விழா நடந்த வருஷம் எனக்குத் தெளிவாக இல்லை, கல்லூரி சாரைக் கேட்டால் சொல்வார். எந்த ஊர்களில் பட்டம் கொடுத்தார்கள் என்பதில் விட்டுப்போனது இருக்கும். அந்தப் பெண் கட்டியிருந்தது அரக்குச் சேலை என்று எழுதியிருக்கிறேன். மருமகள் கருநீலம் என்கிறாள். அவள் கண் என் கண்ணை விட நல்ல கண்தான். அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்த யாராவது இதைப் படித்தால், வலது பக்க வரிசையில், பக்கத்துக் கதவுக்கு அருகில் உட்கார்ந்திருந்தவள் யார், வீடு போய்ச் சேர்ந்தாளா, இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டுச் சொல்ல வேண்டும். அழைத்தவர்தான் அனுப்ப வேண்டும், அவர் இல்லை. இனிமேல் தெரிந்தாலும் செய்வதற்கு ஒன்றும் கிடையாது, எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுச் சொல்லுங்கள்.